பழைய ஸ்ப்ளெண்டர் 55-க்கு மேல் திணறுகிறது. எஞ்சின் இறக்கி போர் போட்டே ஆக வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொன்ன விவரம் இது: 2005 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ். ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் சீராக நிற்கிறது, 50 வரை எந்தக் குறையும் இல்லை. அதற்கு மேல் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினால் திணறுகிறது, 55-ஐத் தாண்ட மறுக்கிறது. பிளக்கும் ஏர் பில்டரும் புதிது. மெக்கானிக் எஞ்சினை இறக்கச் சொல்கிறார்.

இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்த வண்டி 50 வரை ஒழுங்காக ஓடிவிட்டு 55-இல் மட்டும் மக்கர் பண்ணாது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், சைலன்சரில் நீலப் புகை வரும், ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும், மேட்டில் எந்த கியரிலும் இழுவை இருக்காது. நீங்கள் சொன்னதில் இவை எதுவும் இல்லை.

இந்த எஞ்சின் முழு சக்தியைத் தருவது 8000 ஆர்பிஎம்மில். நல்ல நிலையில் உள்ள வண்டி தனி ஆளோடு 80-ஐத் தொடும். டாப் கியரில் 55 என்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு சுற்றுதான். அங்கேயே நிற்கிறது என்றால், பெட்ரோல், காற்று, நெருப்பு (பிளக்கின் பொறி), வால்வு ஆகிய நான்கில் ஒன்று தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. அல்லது எஞ்சின் கொடுக்கும் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. எது என்று தெரிய ஸ்பேனர் எடுக்கும் முன் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். திணறல் எஞ்சின் சுற்றைப் பொறுத்து வருகிறதா, ஆக்சிலேட்டர் திறப்பைப் பொறுத்து வருகிறதா, ஓடிய நேரத்தைப் பொறுத்து வருகிறதா? இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆளில்லாத நேரான சாலையில், ஹெல்மெட்டோடு செய்யுங்கள். முதலில் இரண்டாவது கியரில் பாதி ஆக்சிலேட்டரில் எஞ்சினைக் கத்தவிடுங்கள். சுற்று ஏற ஏற ஒரு இடத்தில் மிஸ்ஸிங் அடித்தால் (எஞ்சின் விட்டுவிட்டு எரிந்தால்), கோளாறு சுற்றோடு சேர்ந்தது. நெருப்பும் வால்வும்தான் சந்தேகப் பட்டியலில் முதலில் வரும். இரண்டாவது கியரில் தடையில்லாமல் கத்துகிறது, ஆனால் டாப் கியரில் 40-இல் போகும்போது முழுக்க முறுக்கினால் அங்கேயே மூச்சு முட்டுகிறது என்றால், கோளாறு திறப்போடு சேர்ந்தது. அது மெயின் ஜெட் பக்கம், அதாவது முழுத் திறப்பில் பெட்ரோலை அளந்துவிடும் கார்புரேட்டரின் சிறு பித்தளைத் துளை. முழு ஆக்சிலேட்டரில் ஒரு நிமிடம் நன்றாகப் போய், பிறகு சக்தி வடிந்து, ஓரமாக நிறுத்தி அரை நிமிடம் கழித்துக் கிளம்பினால் மறுபடி சரியாகிவிடுகிறது என்றால், அது நேரத்தோடு சேர்ந்தது. பெட்ரோல் கார்புரேட்டருக்கு வந்து சேரவில்லை.

இந்த மூன்றாவது வகையைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். முழு ஆக்சிலேட்டரில் இந்த வண்டி குடிப்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 மி.லி. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். டேங்கிலிருந்து 15 மி.லி. மட்டும் வந்தாலும் அந்த இருப்பு தீரும்வரை வண்டி குறை காட்டாது. 40-இல் ஓட்டுபவருக்கு அந்த 15 மி.லி.யே போதும் என்பதால் அவருக்குக் கோளாறு தெரியவே தெரியாது.

சோதனை எளிது. கார்புரேட்டரில் இருந்து பெட்ரோல் டியூபைக் கழற்றி ஒரு அளவு பாட்டிலுக்குள் விடுங்கள். டேங்க் மூடியை இறுக்கி மூடி, டேங்க் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் பிடியுங்கள். 100 மி.லி.க்குக் குறைந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். முதலில் வேகமாக வந்து பிறகு இளைத்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே வேகம் கூடினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைத் திறந்தும் இளைத்தே வந்தால் டேப்பைக் கழற்றி அதன் வலையைச் சுத்தம் செய்யுங்கள். பழைய டேங்கில் துரு மாவாக உதிர்ந்து அந்த வலையில்தான் போய் உட்காரும். பாட்டிலில் பிடித்ததை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து அடியில் நீர் தனியாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டியூபையும் உள்பக்கம் ஊதவைக்கும். டியூப் கல்லு மாதிரி இறுகியோ, பிசுபிசுப்பாகவோ இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

டியூபில் பெட்ரோல் நன்றாக வந்தால் அதை மறுபடி மாட்டி, கார்புரேட்டர் அடியில் உள்ள டிரெயின் ஸ்குருவைத் திறந்து விடுங்கள். கிண்ணத்தில் இருந்தது கொட்டிய பிறகும் அதே தடிமனில் ஓட வேண்டும். நூலாக இளைத்தால் தடை ப்ளோட் ஊசியிலும் (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) அதன் இருக்கையிலும் இருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில் செய்ய வேண்டிய வேலை இது. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

அடுத்தது ஜெட். ஸ்லோ ஜெட் ஐடிலிங்கில் இருந்து கால்வாசி திறப்பு வரை. நடுவில் கார்புரேட்டர் ஸ்லைடில் தொங்கும் ஊசி. முக்கால் திறப்புக்கு மேல் மெயின் ஜெட். உங்கள் வண்டிக்கு ஐடிலிங் நன்றாக இருப்பதால் ஸ்லோ ஜெட்டையும் காற்று ஸ்குருவையும் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை. திணறும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம், முக்கால் அளவுக்கு, விட்டுப் பாருங்கள். விட்டதும் வண்டி எட்டிப் போனால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். சோக்கைப் பாதி போட்டால் இழுத்தாலும் அதே பொருள். சோக் போட்டதும் இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. எந்த மாற்றமும் இல்லை என்றால் கார்புரேட்டரை விட்டுவிட்டு நெருப்பைப் பார்க்கலாம்.

மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். துளை சுத்தமான வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் பச்சை நிறமாகவோ, பழுப்பு வார்னிஷ் மாதிரியோ படிந்திருந்தால் கார்புரேட்டர் கிளீனர் அடித்து, ஊறவைத்து, கம்ப்ரசர் காற்றில் ஊதுங்கள். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, நூலளவு அகன்றாலும் அளவு மாறிவிடும். ஜெட்டின் முகத்தில் எண் பொறித்திருக்கும். முன்பு யாராவது கார்புரேட்டர் கிட் மாற்றியிருந்தால் அந்த எண் உங்கள் கார்புரேட்டருக்கு உரியதுதானா என்று ஸ்பேர் கடையில் ஒப்பிடுங்கள். எண்ணே இல்லாத ஜெட்டை நம்பாதீர்கள். பெரிய ஜெட் போட்டால் பிக்கப் கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. அடைப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஜெட்டைப் பெரிதாக்கினால் மைலேஜும் போகும், பிளக்கும் கரியாகும், திணறலும் மிஞ்சும்.

கார்புரேட்டரைக் கையில் எடுத்தபோதே இன்னொன்றையும் பாருங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினால் உள்ளே இருக்கும் சிலிண்டர் வடிவ ஸ்லைடு காற்று வழியை விட்டு முழுமையாக மேலே ஏற வேண்டும். பழைய கேபிள் நீண்டிருந்தால் கால்வாசி வழியை மறைத்துக்கொண்டு நின்றுவிடும். கேபிளில் 2 முதல் 6 மி.மீ. தளர்வு போதும். இதைப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் யாரும் பார்ப்பதில்லை.

ஏர் பில்டர் புதிது என்கிறீர்கள். அது ஸ்பாஞ்ச் வகையா, காகித வகையா? ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, கியர் ஆயிலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து போட வேண்டும். பிழியாமல் போட்டால் புதுசே அடைப்புதான். காகிதத்தைக் கழுவக் கூடாது. பில்டரையே கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். கலவை தப்பாகி முடிவும் தப்பாகும், தூசியும் நேராக சிலிண்டருக்குள் போகும்.

நெருப்பு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்துக் கிக் அடித்து, நீலப் பொறி வந்தால் கரண்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வெளிக்காற்றில் பொறி பாய்வது சுலபம். முழு ஆக்சிலேட்டரில் சிலிண்டருக்குள் அழுத்தம் பல மடங்கு ஏறும்போது அதே இடைவெளியைத் தாண்ட வோல்டேஜ் மிக அதிகம் வேண்டும். அப்போதுதான் கீறல் விட்ட பிளக் கேப்பும் வெடித்த ஒயரும் கசியும். இரவில், இருட்டில், எஞ்சினை ஓடவிட்டு பிளக் கேப்பைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்; மினுமினுப்புத் தெரிந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். கையால் மட்டும் தொடாதீர்கள். ரெசிஸ்டர் உள்ள கேப் மல்டிமீட்டரில் 5 கிலோ ஓம் அருகே காட்ட வேண்டும். 20, 30 என்று போனால் மாற்றுங்கள். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் போகாது. பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.; புதுப் பிளக்காக இருந்தாலும் பீலர் கேஜ் வைத்து அளந்து போடுங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் நன்றாக ஓடி, 10 கி.மீ. கழித்துத்தான் மிஸ்ஸிங் வருகிறது என்றால் இக்னிஷன் காயில், சிடிஐ (பொறி பாயும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), மேக்னெட் உள்ளே இருக்கும் காயில்கள் ஆகியவற்றில் ஒன்று சூட்டில் இணைப்பு விட்டுப்போகிறது. சிடிஐ-யை மீட்டரில் அளந்து உறுதி செய்ய முடியாது. அதே மாடல் வண்டியின் நல்ல சிடிஐ-யை இரவல் வாங்கி மாற்றி ஓட்டிப் பார்ப்பதே வழி.

வால்வு டேப்பெட்டை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியை, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, காலையில் பாருங்கள். இடது பக்க மேக்னெட் கவரின் இரண்டு மூடிகளையும் திறந்து, மேக்னெட்டை இடஞ்சுழியாகச் சுற்றி 'டி' குறியை வெட்டுக்கு நேராக நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு ராக்கர்களும் சற்றே ஆட வேண்டும். ஆடாவிட்டால் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி 'டி'-க்குக் கொண்டுவாருங்கள். பழைய ஹீரோ ஹோண்டா 100 சிசி எஞ்சினுக்கு இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் இந்த இடைவெளி 0.05 மி.மீ. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்காவிட்டால் செய்த வேலை வீண், இறுக்கும்போது அளவு நகரும். இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தால் சூடேறியதும் வால்வு முழுமையாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். அளவு சரியாக இருந்தும் உயர் சுற்றில் இழுவை இல்லை என்றால், டேப்பெட் மூடி வழியாக டார்ச் அடித்து, மேக்னெட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இரண்டு ராக்கரும் சம அளவுக்கு இறங்குகின்றனவா என்று கவனியுங்கள். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டிகளில் ராக்கரைத் தள்ளும் கேமின் மூக்கு தேய்ந்து ஒரு வால்வு பாதிதான் திறக்கும். டைமிங் செயின் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்க்கலாம்: 'டி' நேராக இருக்கும்போது கேம் ஸ்பிராக்கெட்டின் 'ஓ' குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும்.

சக்கரத்துக்குப் போகும் வழியில் கிளட்ச். டாப் கியரில் 40-இல் இருந்து சட்டென்று முழுக்க முறுக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். கார் எஞ்சின் ஆயில் ஊற்றியிருந்தால் அதுவே காரணமாகலாம். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (ஆயிலில் நனையும் பைக் கிளட்ச்சுக்கான தரக் குறி) என்று போட்ட 10டபிள்யூ30 ஆயில்தான் வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். பிரேக் உரசி உடனே நின்றால், எஞ்சினைக் குறை சொல்வது அநியாயம்.

இவ்வளவும் பார்த்து எதுவும் அகப்படவில்லை என்றால் மட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைக்கச் சொல்லுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கிக் அடித்து அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாமல் குறைவாகவே நின்றால் கசிவது வால்வு. ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு கிரைண்டிங் செய்தால் போதும். முதல் அளவே கையேட்டில் சொன்னபடி இருந்தால், மெக்கானிக் எவ்வளவு வற்புறுத்தினாலும் சிலிண்டரில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெட்ரோல் ஓட்டம், மெயின் ஜெட், பிளக் கேப், டேப்பெட் என்ற வரிசையில் போவேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது கியர் சோதனையில் என்ன நடந்தது, சோக் போட்டபோது என்ன நடந்தது என்று எழுதினால் அடுத்து எதைத் திறக்கலாம் என்று சொல்கிறேன்.