ஹாலோவீன் அன்று நாயை என்ன செய்வது?

கேள்வி: நியூ ஜெர்சிக்குக் குடிவந்த பிறகு முதல் ஹாலோவீன். அக்டோபர் 31 மாலை பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வந்துகொண்டே இருப்பார்களாமே, எங்கள் லாப்ரடாரை எப்படிச் சமாளிப்பது?
- ஒரு வாசகி, எடிசன்

பதில்: கதவைத் திறந்து திறந்து மூடும் அந்த நேரம்தான் பெரிய தலைவலி, முகமூடிக் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு வெளியே ஓடிவிட்டால் இருட்டில் எங்கே தேடுவீர்கள், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நடை கூட்டிப்போய்விட்டு உள்ளறையில் டிவி சத்தத்தோடு விட்டுவிடுங்கள், கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். நாய்க்கு வேஷம் போடுவதெல்லாம் அதற்குப் பிடித்தால்தான், போட்டோவுக்காகப் படுத்தாதீர்கள், பாவம். அப்புறம் மிட்டாய். சாக்லெட்டில் உள்ள தியோப்ரோமின் நாய்க்கு விஷம், டார்க் சாக்லெட் இன்னும் மோசம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். தின்றுவிட்டதா? உப்புத்தண்ணீர் கொடுத்து நீங்களாக வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், மிட்டாய் உறையைக் கையில் வைத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், எவ்வளவு தின்றது, நாயின் எடை என்ன என்றுதான் முதலில் கேட்பார்.