எண்ணெயை மாற்றுங்கள், பாலிசியை விடாதீர்கள்

கேள்வி: அம்பத்தூரில் வாடகை வீடு. நாங்கள் இருவர், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். மாதம் 6 லிட்டர் ரீஃபைண்ட் ஆயில் வாங்குகிறோம், லிட்டர் 160 ரூபாய். செக்குக் கடலெண்ணெய் 320. அதோடு பாரம்பரிய அரிசி, நாட்டுச்சர்க்கரை என்று மாறினால் மளிகைச் செலவு 3,000 கூடும். கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ‘நல்லதாகச் சாப்பிட்டால் போதும், வருஷம் 24,000 கட்டும் மெடிக்கல் இன்சூரன்ஸை நிறுத்திவிடலாம்’ என்கிறார். சரியா?

பதில்: நிறுத்தவே வேண்டாம். பைக் விபத்துக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கும், வீட்டில் எந்த எண்ணெயில் தாளித்தீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. பாலிசி ஒருமுறை விட்டுப்போனால், பிறகு புதிதாக எடுக்கும்போது உங்கள் கணவரின் சர்க்கரை நோய்க்கான காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்கான செலவைக் கம்பெனி தராத காலம்) முதலிலிருந்து தொடங்கும். அது 3 ஆண்டு வரை போகலாம். தனிநபர், குடும்ப மெடிக்கல் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. அடுத்த பிரீமியம் நோட்டீசில் அதைச் சரிபாருங்கள்.

இனி அந்த 3,000. விலையை மட்டும் இரட்டிப்பாக்கி, அளவை அப்படியே வைத்துப் போட்ட கணக்கு அது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல், 2,000 கலோரி உணவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு என்கிறது. நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். இப்போது எண்ணெய்க்கு 960 ரூபாய் போகிறது. மூன்றரை லிட்டர் செக்கெண்ணெய்க்கு 1,120. கூடுவது 160 மட்டுமே. ஆனால் அளவு குறையாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் உடம்புக்கும் லாபமில்லை, பர்சுக்கும் லாபமில்லை. பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்; வடை, பஜ்ஜியை மாதம் இரண்டு முறையோடு நிறுத்துங்கள்.

மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலெண்ணெய் எடுக்க ஏறத்தாழ இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பிண்ணாக்கு விற்ற காசு கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். பருப்பு விலையைவிட மிக மலிவாக எண்ணெய் கிடைத்தால் அந்தக் கடைப்பக்கம் போகாதீர்கள். மலிவு என்று 15 லிட்டர் டின்னும் வேண்டாம்; சென்னை வெயிலில் திறந்த டின் சீக்கிரம் காறிப்போகும். ஒவ்வொரு லிட்டராக வாங்குங்கள். அடியில் கொஞ்சம் மண்டி நிற்பது இயல்புதான்.

நாட்டுச்சர்க்கரையை விட்டுவிடுங்கள். அதுவும் சர்க்கரைதான், உங்கள் கணவர் ‘நல்லதுதானே’ என்று இரண்டு ஸ்பூன் கூடப் போடுவார். கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் மாதம் 3 கிலோ போதும். தட்டில் சோற்றின் அளவு குறையாமல் அரிசியை மட்டும் மாற்றிப் பயனில்லை. பாக்கெட்டில் ‘ஆர்கானிக்’ என்று அச்சிட்டிருந்தால் ஆர்கானிக் உணவுக்கான அரசு முத்திரையான ‘ஜைவிக் பாரத்’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூடுதல் விலை தராதீர்கள்.

கூடுதலாகச் செலவழிக்க வேண்டியது காய்கறிக்கு. அதே வழிகாட்டுதலில் ஆளுக்கு 400 கிராம், உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ. கோயம்பேட்டில் ஒரே நாளில் வாரத்துக்கும் மூட்டையாக வாங்கினால் கீரை மூன்றாம் நாளே குப்பைக்குப் போகும். கிழங்கு, வெங்காயத்தை அங்கே வாங்கிக்கொண்டு, கீரையைத் தெருவில் அன்றன்றைக்கு வாங்குங்கள். காய்கறிக்கு மாதம் கூடுதலாக 1,200 ரூபாய் தேவைப்படலாம். மாதம் இரண்டு பார்சல் பிரியாணியை நிறுத்தினாலே பெரும்பகுதி வந்துவிடும்.