சிகரெட் துண்டுக்கு 150 பவுண்டு: கட்டுவதா, வழக்காடுவதா?

கேள்வி: இங்கிலாந்தில் முதுகலை படிக்கிறேன், மாணவர் விசா. ரயில் நிலையத்துக்கு வெளியே சிகரெட் துண்டைச் சாலையோரச் சாக்கடைக் கம்பிக்குள் போட்டேன். நெஞ்சில் கேமரா மாட்டிய சீருடைக்காரர் ஒருவர் நிறுத்தி, பெயரும் முகவரியும் கேட்டு, ஊர் நிர்வாகமான கவுன்சிலின் பெயரில் 150 பவுண்டு அபராதச் சீட்டு கொடுத்தார். 10 நாளுக்குள் கட்டினால் 100 பவுண்டு. 14 நாள் கெடு. பதற்றத்தில், காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டேன். எட்டு நாள் ஆகிவிட்டது. அவர் தனியார் கம்பெனி ஆள், கட்டாவிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள் நண்பர்கள். அப்பீல் உண்டா? விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: உங்களுக்கு உண்மையான ஆபத்து அந்த 150 பவுண்டில் இல்லை, பழைய முகவரியில் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், நண்பர்கள் சொன்னதைப் பார்த்துவிடுவோம்.

1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 87, திறந்த வெளியில் குப்பையைப் போட்டு அப்படியே விட்டுச் செல்வதைக் குற்றமாக்குகிறது. சிகரெட் துண்டும் சூயிங்கம்மும் குப்பைதான் என்று 2005இல் திருத்தம் கொண்டுவந்து தெளிவாகவே எழுதிவிட்டார்கள். சாக்கடைக் கம்பிக்குள் போட்டால் தெரு சுத்தமாகத்தானே இருக்கிறது என்ற வாதத்தைக் கவுன்சில்கள் ஏற்பதில்லை. பக்கத்தில் குப்பைத்தொட்டி இல்லை, இருந்த தொட்டி நிரம்பி வழிந்தது என்பதும் தற்காப்பு ஆகாது.

தனியார் ஆள் என்பதாலும் சீட்டு செல்லாமல் போகாது. கவுன்சில் எழுத்து மூலம் அதிகாரம் அளித்திருந்தால், கம்பெனி ஊழியரும் பிரிவு 88இன் கீழ் சீட்டு எழுதலாம். உங்களைக் கைது செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் அவர் கேட்டும் பெயர், முகவரி தர மறுப்பதும், தவறாகத் தருவதும் தனிக் குற்றம். அதற்கு 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. சட்டத்தில் ‘பொய்யான’ என்பதோடு நிற்காமல் ‘சரியில்லாத’ முகவரி என்றும் இருக்கிறது. எனவே பழைய முகவரியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்.

தொகையிலும் தவறு தெரியவில்லை. 2023 ஜூலை 31 முதல் இங்கிலாந்துக் கவுன்சில்கள் இந்த அபராதத்தை 65 முதல் 500 பவுண்டு வரை தாங்களே நிர்ணயிக்கலாம். (ஸ்காட்லாந்து, வேல்ஸ் கணக்கு வேறு.)

இனி அப்பீல். பார்க்கிங் சீட்டுக்கு இருப்பது போன்ற தீர்ப்பாயம் இதற்கு இல்லை. இந்தச் சீட்டு உண்மையில் ஒரு சலுகை: 14 நாளுக்குள் கட்டினால் அந்தக் குற்றத்துக்காக உங்கள் மீது வழக்குப் போட முடியாது. கட்டாவிட்டால், குப்பை போட்ட குற்றத்துக்கே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கு வரும். உச்ச அபராதம் 2,500 பவுண்டு. சீட்டு கடன் அல்ல என்பதால், நீதிமன்றம் அபராதம் விதிக்கும் வரை வசூல் ஆள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. நண்பர்கள் சொல்வதில் இவ்வளவுதான் உண்மை.

கவுன்சிலுக்கு ஆட்சேபம் எழுதத் தடையில்லை. பல கவுன்சில்கள் படித்துப் பார்க்கும். போட்டது நானில்லை, பையிலிருந்து தெரியாமல் விழுந்தது, அன்று உடல்நிலை இப்படி இருந்தது, இதோ மருத்துவச் சான்று என்று சொல்ல முடிந்தவர்களுக்கு அது பயன்படும். தற்செயலாக விழுந்ததற்குச் சீட்டு தரக்கூடாது, வருமானத்துக்காகச் சீட்டு எழுதக்கூடாது என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. சில ஊர்களில் ரயில் நிலைய வாசலிலேயே ஆள் நிற்பதைப் பார்த்தால் அந்த இரண்டாவது வரியை எத்தனை பேர் படித்தார்கள் என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் நீங்கள் போட்டதாக நீங்களே சொல்கிறீர்கள். கேமராவிலும் ‘ஸாரி’ சொல்லியிருப்பீர்கள். வழக்காட இதில் ஒன்றுமில்லை.

கேமரா பதிவைக் கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதில் தர அவர்களுக்கு ஒரு மாதம் அவகாசம். உங்கள் 14 நாள் அதற்காக நிற்காது.

இப்போது முகவரி. நீங்கள் கட்டாமல் விட்டால், குற்றம் நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கவுன்சில் வழக்கைத் தொடங்க வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகள் பலவும் ‘சிங்கிள் ஜஸ்டிஸ்’ முறையில், ஒரே மாஜிஸ்திரேட் காகிதங்களை மட்டும் பார்த்து முடிப்பவை. நோட்டீஸ் தபாலில் வரும், பதிலளிக்க 21 நாள். உங்களுடையது பழைய வீட்டுக்குப் போகும். அங்கே இப்போது இருப்பவர் பிரிக்காமலே தூக்கிப் போடுவார். நீங்கள் இல்லாமலே குற்றவாளி என்று தீர்ப்பாகும். அபராதம், அதில் 40 சதவீதம் கூடுதல் கட்டணம், கவுன்சிலின் வழக்குச் செலவு எல்லாம் சேர்ந்து வரும். உங்களுக்குத் தெரியவருவதோ பெரும்பாலும் வசூல் ஆள் உங்களைக் கண்டுபிடிக்கும்போதுதான். அப்போதும் வழி இருக்கிறது: வழக்கு நடந்ததே தெரியாது என்று, தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் சத்தியப் பிரமாணம் செய்தால் தீர்ப்பு ரத்தாகி வழக்கு முதலிலிருந்து தொடங்கும். அந்த அலைச்சல் உங்களுக்குத் தேவையில்லை.

விசாவிலும் இந்த வேறுபாடுதான் முக்கியம். கெடுவுக்குள் கட்டிய சீட்டு குற்றத் தீர்ப்பு அல்ல. நீதிமன்றம் விதித்த அபராதம், தொகை எவ்வளவு சிறியதானாலும், குற்றத் தீர்ப்பு. விசா விண்ணப்பத்தில் தண்டனைகளைக் கேட்கும் இடத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். தெரியாமலே தீர்ப்பாகி, நீங்கள் ‘இல்லை’ என்று குறித்துவிட்டால், மறைத்ததாக எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. சில படிவங்கள் அபராதச் சீட்டுகளையும் சேர்த்தே கேட்கின்றன. கேள்வியை வரிவரியாகப் படித்து உள்ளதை எழுதுங்கள்.

ஆகவே இன்றோ நாளையோ 100 பவுண்டு கட்டுங்கள். சலுகைக்கு இரண்டே நாள்தான் மிச்சம். கவுன்சிலின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள், சீட்டு எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். எண் தவறினால் பணம் போய்ச் சேர்ந்தும் உங்கள் சீட்டு ‘கட்டப்படவில்லை’ என்றே நிற்கும். ஒப்புகை வந்ததும் இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: பணம் கட்டிவிட்டேன், தவறுதலாக முன்பிருந்த முகவரியைச் சொல்லிவிட்டேன், இப்போதைய முகவரி இது. கதை வேண்டாம், மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். ஒருவேளை தெரிந்தே தவறான முகவரி கொடுத்திருந்தால், அந்த மின்னஞ்சலை அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ அலுவலகத்தில் இலவசமாகவே வழிகாட்டுவார்கள்.

பழைய வீட்டுக்காரரிடம் உங்கள் பெயருக்கு வரும் தபாலை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ராயல் மெயிலில் கட்டணம் கட்டித் தபாலைத் திருப்பிவிடவும் செய்யலாம். கட்டிய ரசீதை ஆறு மாதம் கழிந்ததும் அழித்துவிடாதீர்கள். அடுத்த விசா விண்ணப்பத்தின்போது தேதியும் சீட்டு எண்ணும் தேவைப்படலாம்.