14 மாத அனுபவம் போதுமா?

தம்பி, 14 மாத வேலை அனுபவம்தான் இருக்கிறது, பிரித்தானியாவில் முதுமாணி படிக்க அந்நாட்டு அரசு தரும் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2 வருடம் கேட்கிறார்களே என்று மனம் தளர்ந்து எழுதியிருந்தீர்கள். மாதங்களை எண்ணாதீர்கள், மணித்தியாலங்களை எண்ணுங்கள். அவர்களுடைய 2 வருடம் என்பது 2,800 மணித்தியாலம். வாரம் 40 மணித்தியாலப்படி உங்கள் 60 வாரம் 2,400. பட்டம் பெற்ற பிறகு வெள்ளவத்தையில் சனி, ஞாயிறுகளில் சம்பளமின்றிப் படிப்பிப்பதாகச் சொன்னீர்களே, அந்தத் தொண்டும் கணக்கில் சேரும். வாரம் 8 மணித்தியாலம் என்றாலும் 480 வந்துவிடும். இப்போதே அந்த நிலையத்தாரிடம் கடிதம் வாங்கி வையுங்கள்.

ஆனால் ஒன்று. படிப்பு முடிந்ததும் நாட்டுக்குத் திரும்பி 2 வருடம் இருக்க வேண்டும். வீட்டில் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்; அங்கேயே தங்கும் எண்ணம் இருந்தால் இது உங்களுக்கான வழியல்ல.

அப்படியானால் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசிலைப் பாருங்கள். மாதம் 1,400 யூரோ, கல்விக் கட்டணமும் அவர்கள் பொறுப்பு. பெரும்பாலான முதுமாணிக் கற்கைகள் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விண்ணப்பம் கோருகின்றன. திரும்பி வரத் தயார் என்றால், நான் இரண்டுக்கும் போட்டிருப்பேன்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவிக்காரரைத் தேடி அலையாதீர்கள். நான் அலைந்தேன், பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் நான்கு வரிதான் கிடைத்தது. உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவரிடமே கேளுங்கள்.