பிராக் போகிறவர்களுக்கு: ஒரு முன்னாள் டிடிஆரின் பதில்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராகில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்ததைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே 36 வருடம் ஓட்டியவனுக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

பத்து நாளில் பாரிஸ், ரோம், வியன்னா, பிராக் என்று ஒரு பேக்கேஜ் டூர் சொல்கிறார்கள். பிராகுக்கு ஒரு நாள்தான். போதுமா? – வாசகி, ஈரோடு

போட்டோ எடுக்கப் போதும் அம்மா. என்னைக் கேட்டால் நான்கில் இரண்டு ஊரை வெட்டிவிடுங்கள். பிராகும் வியன்னாவும் வைத்துக்கொண்டால் நடுவில் நான்கு மணி நேர ரயில், அவ்வளவுதான்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். விடிகிற நேரத்தில் ஓட்டலை விட்டுக் கிளம்பி சார்லஸ் பாலத்துக்குப் போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் அந்தப் பாலம் தைப்பூசத்தன்று பழனி அடிவாரம் மாதிரி இருக்கும். காலையில் நாங்கள் போனபோது ஆற்றின் மேல் பனி, கல்யாண போட்டோ எடுக்க வந்த ஒரு ஜோடி, நாங்கள் இரண்டு பேர். 1357-ல் நான்காம் சார்லஸ் மன்னர் கட்ட ஆரம்பித்த பாலம். அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம், இரு பக்கமும் சேர்த்து 30 சிலைகள். வண்டிகள் கிடையாது, நடைதான்.

காரையில் முட்டை கலந்து கட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. மன்னர் ஊர் ஊராக முட்டை கேட்டு ஆள் அனுப்ப, ஒரு ஊர்க்காரர்கள் வழியில் உடைந்துவிடுமே என்று அவித்து அனுப்பினார்களாம். என் மனைவி காரைக்குடிக்காரி. வெள்ளைக்கரு பூசிய சுவரைத் தடவி வளர்ந்தவள். "முட்டை கலந்தது நிஜமோ என்னமோ, அவித்து அனுப்பியது கண்டிப்பாக நடந்திருக்கும்" என்றாள்.

பழைய நகரச் சதுக்கத்துக் கடிகாரம் பெரிய ஏமாற்றம் என்கிறார் என் நண்பர். ஒரு மணி நேரம் நின்றாராம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். – வாசகர், சேலம்

உங்கள் நண்பர் பொம்மையைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்காமல் வந்துவிட்டார். கூட்டம் மொத்தமும் அப்படித்தான். மணி அடிக்கும் நேரத்தில் ஒரு எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு ஜன்னலில் இயேசுவின் பன்னிரண்டு சீடர்கள் வந்து போவார்கள், சேவல் கூவும், கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அந்தச் சீடர்கள் அவ்வளவு பழையவர்களும் இல்லை. 1945 மே மாதம் நாஜிகளை எதிர்த்து நடந்த சண்டையில் முன்பிருந்தவை எரிந்துபோய், அதன் பிறகு புதிதாகச் செதுக்கி வைத்தவை.

கடிகாரம் 1410-ஐச் சேர்ந்தது. கூட்டம் போன பிறகு அதன் முகத்துக்கு முன்னால் நின்றால்தான் விஷயம். வெளி வளையத்தில் பழைய செக் கணக்கில் 24 மணி. அவர்களுக்கு நாள் முடிவது சூரியன் மறையும்போது, 24 அங்கேதான் வரும். மறைகிற நேரம் நாளுக்கு நாள் மாறுகிறதல்லவா, அதற்கேற்ப அந்த வளையமே நகர்ந்துகொடுக்கிறது! நாம் உதயத்திலிருந்து நாழிகை எண்ணினோம், அவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்பதையும் அதே முகத்தில் படிக்கலாம். பாதி கறுப்பும் பாதி வெள்ளியுமாக ஒரு குண்டு சுழன்று வளர்பிறை தேய்பிறை காட்டுகிறது. என் அப்பா பஞ்சாங்கம் பார்ப்பவர். அவர் வந்திருந்தால் சாப்பிடக்கூட நகர்ந்திருக்க மாட்டார்.

செய்தவரின் கண்ணைக் குருடாக்கிவிட்டார்கள் என்று கைடு சொல்வார். அது கட்டுக்கதை, கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே மாற்றுவது? யூரோ செல்லுமா? – மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்

ஐரோப்பிய யூனியனில் இருந்தாலும் அங்கே பணம் கொருனாதான். சில கடைகளில் யூரோ வாங்குவார்கள், கணக்கு அவர்கள் இஷ்டம். 'கமிஷன் இல்லை' என்று பெரிதாக எழுதியிருக்கும் மாற்றுக் கடையில் நானே ஒரு தடவை மாட்டினேன். கமிஷன் இல்லைதான், கொடுத்த ரேட்டிலேயே உருவிவிட்டார்கள். மகள் ரசீதைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பக் கூட்டிப் போனாள். 1,000 யூரோ வரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம் என்று 2019 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. அதனால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். ஏடிஎம்மில் 'உங்கள் ஊர்ப் பணத்தில் கணக்கிடவா' என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள்.

டிராமில் டிக்கெட் வாங்குவது கஷ்டமா? – வாசகர், மதுரை

இந்தக் கேள்வி வராமல் இருந்திருக்கலாம்.

வாங்குவது சுலபம். வாங்கிய தாளை மஞ்சள் நிற மெஷினில் செருகி நேரம் அச்சடிக்க வேண்டும். அச்சடிக்காத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். நான் அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். சாதாரண உடையில் ஒருவர் வந்து உள்ளங்கையில் பேட்ஜைக் காட்டினார். 36 வருடம் நான் நின்ற இடத்தில் அவர் நிற்கிறார், நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் எத்தனை பேர் "தெரியாது சார்" என்று சொல்லியிருக்கிறார்கள்! அதே வார்த்தையை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நான் அவர்களுக்கு என்ன பதில் சொன்னேனோ அதையே அவர் எனக்குச் சொன்னார். அபராதம் கட்டினேன். ரசீதில் கையெழுத்து இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன், பழக்கதோஷம்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், நாங்கள் போனபோது 65 வயது நிறைந்தவர்களுக்கு அங்கே இலவசம், அடையாள அட்டை காட்டினால் போதும். எனக்கு 64. டிராமுக்குள்ளேயே கார்டைத் தொட்டு வாங்கும் டிக்கெட்டில் நேரம் அச்சாகியே வரும், அது உத்தமம்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா? – வாசகி, கும்பகோணம்

வேண்டாம், ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். உருளைக்கிழங்கு சூப்பில்கூட இறைச்சி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். 'ஸ்மாஷெனி சீர்' என்று கேளுங்கள். சீர் என்றால் அங்கே சீஸ். கனமான ஒரு துண்டை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். மேல்மாவில் முட்டை உண்டு, அது ஆகாதென்றால் விட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கைத் துருவிப் பூண்டு போட்டு அடை மாதிரி சுடுவதும் உண்டு, அதிலும் முட்டை சேர்ப்பார்கள். அப்புறம் பழக் கொழுக்கட்டை. உள்ளே முழு பிளம் அல்லது ஸ்ட்ராபெர்ரி, மேலே உருக்கிய வெண்ணெய், சர்க்கரை. அதையே மதியச் சாப்பாடாகச் சாப்பிடுகிறார்கள். தெருவுக்குத் தெரு கம்பியில் சுற்றிச் சுடும் இனிப்பு ரொட்டியைப் 'பழங்காலப் பலகாரம்' என்று விற்பார்கள். சுற்றுலாக் கூட்டம் வந்த பிறகு பரவியது அது. குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

முழங்கால் வலி உண்டு. குன்றின் மேல் இருக்கும் பிராக் கோட்டைக்கு ஏற முடியுமா? – வாசகர், திண்டுக்கல்

22-ம் எண் டிராம் மேலே கொண்டுபோய் விடும், அதிலேயே இறங்கியும் வாருங்கள். பழைய நகரத் தெருக்கள்தான் சோதனை. உருண்டைக் கற்கள், அவற்றுக்கு 'பூனைத் தலை' என்றே பெயர். கோட்டைக்குள் இருக்கும் வீதுஸ் தேவாலயத்தை 1344-ல் ஆரம்பித்து 1929-ல் முடித்தார்கள். எங்கள் லைனில் இரட்டைப் பாதை வேலை இழுத்ததை இனிமேல் நான் குறை சொல்வதாக இல்லை.

தமிழுக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு உண்டு என்று எழுதியிருந்தீர்களே? – வாசகர், தஞ்சாவூர்

கமில் சுவலபில் பிராகில் 1927-ல் பிறந்தவர். அங்கேயே தமிழ் படித்து, தமிழ் இலக்கிய வரலாற்றை உலகத்துக்கு எழுதியவர். 1968-ல் சோவியத் டாங்கிகள் நுழைந்த பிறகு நாட்டை விட்டுப் போனார். யாரோஸ்லவ் வாசெக் 1348-ல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகத்தில் பல காலம் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கட்டடத்தின் எதிரில் நின்று மனைவியிடம் இதைச் சொன்னேன். "அப்போ தமிழில் வழி கேட்கலாமா?" என்றாள்.

உங்களால் மறக்க முடியாத இடம் எது? – வாசகி, நாகர்கோவில்

மெயின் ஸ்டேஷனின் ஒன்றாம் பிளாட்பாரம். ஒரு ஆள் கையில் குழந்தையோடு நிற்கிறார், பக்கத்தில் ஒரு சிறுமி, ஒரு பெட்டி. நிக்கோலஸ் விண்டன் என்ற ஆங்கிலேயரின் சிலை. 29 வயதில் பிராகுக்கு வந்த பங்குத் தரகர். 1939-ல் அவரும் கூட்டாளிகளும் எட்டு ரயில்களில் 669 குழந்தைகளை, பெரும்பாலும் யூதக் குழந்தைகள், பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாவது ரயில் செப்டம்பர் 1-ம் தேதி கிளம்ப வேண்டியது. சுமார் 250 குழந்தைகள். அன்றைக்குப் போர் தொடங்கிவிட்டது, ரயில் கிளம்பவில்லை.

சார்ட்டில் பெயர் இருந்தும் வராத பயணிக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவது என் வேலையாக இருந்தது. மறுநாள் பிங்காஸ் யூதக் கோயிலுக்குப் போனோம். நாஜிகள் கொன்ற கிட்டத்தட்ட 80,000 பேரின் பெயர்களைச் சுவர் முழுக்கக் கையால் எழுதியிருக்கிறார்கள், பிறந்த தேதியோடு. முதல் அறையில் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அப்புறம் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை மூடியிருக்கும், பார்த்துப் போங்கள்.

டிசம்பரில் போகலாமா? – வாசகர், கோவை

கிறிஸ்துமஸ் சந்தை பிரமாதம் என்று மகள் சொல்கிறாள். ஆனால் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மங்கி குல்லா எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் நன்றாக இருக்காது என்று பேத்தி சொல்வாள், போட்டுக்கொள்ளுங்கள்.