மாத்திரைக்கு ஏறாத ரத்தம்

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: மகளுக்கு 23 வயது, இரண்டு வருஷமாக இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் கொடுத்தும் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டவில்லை, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சரியாக இருக்கிறது, சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்சிவி மட்டும் குறைந்து 64. தை மாதம் அத்தை மகனோடு கல்யாணம். என்ன செய்வது?

அம்மா, ஃபெரிட்டின் சரியாக இருந்தால் அநேகமாக இரும்பு உடம்பில் இருக்கிறது. மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு வரும் சந்தேகம் பீட்டா தலசீமியா மைனர், அதாவது ஹீமோகுளோபினுக்கான இரண்டு பீட்டா மரபணுக்களில் ஒன்றில் மட்டும் பிறவியிலேயே பிழை.

ஹீமோகுளோபினில் இருக்கும் பீட்டா குளோபின், 146 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. மரபணுவின் நகலான எம்ஆர்என்ஏவை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து அதைக் கோப்பது ரைபோசோம். நம் நாட்டில் காணப்படும் பிழைகளில் ஒன்றில் 15-ஆவது அமினோ அமிலத்துக்கான மூன்றெழுத்தில் ஒரே ஓர் எழுத்து மாறி, அங்கே ‘நிறுத்து’ என்ற குறி வந்துவிடுகிறது. ரைபோசோம் பாதியிலேயே இறங்கிவிடும், முழுச் சங்கிலி உருவாகாது. மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் வாய்க்கால் தலைமடையிலேயே அடைபட்டுக் கிடந்தால் கடைமடைக்கு என்ன வரும்? இரும்பை மேலும் மேலும் கொடுப்பதும் அப்படித்தான். பெற்றோரிடமிருந்து ஆளுக்கு ஒன்றாக வந்த இரண்டில் மகளுக்கு இன்னொரு மரபணு சரியாக இருப்பதால்தான் ஓடியாடி இருக்கிறாள், இருப்பாள்.

இரும்புக் குறைவிலும் சிவப்பணு சிறுத்தே தெரியும், ஏனென்றால் ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீம் போதாதபோது செல்லே குளோபின் தயாரிப்பை அடக்கிவிடுகிறது. இரண்டும் குழம்புவது அதனால்தான்.

சரி, இப்போது ஹெச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனை எடுங்கள். அதில் ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2, 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அநேகமாக மைனர்தான். அப்புறம் நீங்களும் கணவரும் எடுங்கள், மாப்பிள்ளையும் கட்டாயம் எடுக்க வேண்டும். பிழை உங்கள் கணவர் வழியில் வந்திருந்தால் அவருடைய சகோதரிக்கும், அவர் மகனுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். மாப்பிள்ளைக்கு இல்லையென்றால் தாராளமாகக் கல்யாணம் நடக்கட்டும். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பில் குழந்தைக்கு இரண்டு மரபணுவும் பிழையாகி, கடுமையான தலசீமியா மேஜர் வரும். அந்தக் குழந்தைகள் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ்வதைப் பார்த்தவள் நான், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். அப்படி இருந்தாலும் வழி உண்டு, 10 முதல் 12 வாரத்துக்குள் கருவைப் பரிசோதித்து அறியலாம். அதற்கு இருவருடைய பிழையும் எது என்று முன்பே மரபணுப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டும். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.