மீன்தொட்டியில் மிதக்கும் பாத்தி: வாசகர் கேள்வி பதில்

வீட்டு முற்றத்தில் 8 அடி நீளம், 5 அடி அகலமான சீமெந்துத் தொட்டியில் கோய் மீன்கள் வளர்க்கிறேன். ரிஜிபோம் பெட்டியில் மண் நிரப்பிக் கங்குன் நட்டு மிதக்கவிட்டேன். பத்து நாளில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீரும் கலங்கிவிட்டது. சரியாகச் செய்வது எப்படி?
வாசகர், கல்லடி

மிதக்கும் பாத்திக்கு மண் ஆகாது. நனைந்த மண்ணின் பாரம் பெட்டியைச் சாய்க்கும், கரைந்த சேறு தண்ணீரைக் கலக்கும். ரிஜிபோமையும் மீன்கள் கொத்திக் கொத்தி மணி மணியாக உதிர்த்துவிடும். இரண்டையும் விட்டுவிட்டு, பி.வி.சி. குழாயில் சட்டமும் தென்னந்தும்பில் படுக்கையும் செய்யுங்கள்.

63 மி.மீ. குழாயில் 2 அடித் துண்டுகள் நான்கு, மூலை மூட்டான எல்போ நான்கு, பி.வி.சி. கம் ஒரு டின் வேண்டும். 8 அடிக் குழாய் முழுதாக அமிழ்ந்தால் ஏறத்தாழ ஏழரைக் கிலோவைத் தாங்கும். சட்டத்தின் சொந்த எடை போக 5 முதல் 6 கிலோ மிஞ்சும். அதில் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். தண்ணீருக்குள் இருக்கும் தும்புக்கும் வேருக்கும் பாரம் அநேகமாக இல்லை. நீர்மட்டத்துக்கு மேலே நிற்பதை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும்.

வெட்டிய முனைகளை அரத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு, முதலில் இரண்டு ‘ட’ வடிவத் துண்டுகள் ஒட்டுங்கள். பிறகு சமதரையில் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்துங்கள். உள்ளே அடைபட்ட காற்று கடைசி மூட்டை வெளியே தள்ளப் பார்க்கும், அதனால் ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டு, சட்டத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் மூட்டுக்கு வெளியே கம் பூசினால் நிலைக்காது. அந்த மூலையை வெட்டி எடுத்து, புது எல்போவைச் சொக்கட் (நேர் இணைப்பு) வைத்து ஒட்டுவதுதான் வழி. இந்தச் சோதனையைத் தவறவிட்டவர்களின் பாத்திதான் ஒரு மாதத்தில் மூலை சரிந்து நிற்கும்.

சட்டத்தின் அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த வலையை நைலோன் நூலால் கட்டுங்கள். நடுவில் 3 அங்குலம் தொய்வு இருக்கட்டும். நம் பக்கத்தில் பழைய தங்கூசி வலை (மெல்லிய ஒற்றை இழை மீன்வலை) எளிதில் கிடைக்கும். அதை மட்டும் தொடவேண்டாம். மீனின் செவுள் அதில் சிக்கினால் மீளாது. வலைக்குள் 2 அங்குலக் கனத்துக்குத் தும்பைப் பரப்பி, கணு வேர்விட்ட கங்குன் தண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் செருகுங்கள். உவர்த் தண்ணீரில் ஊறிய தும்பில் உப்பு இருக்கும். எந்தத் தும்பிலும் சாயம் இருக்கும். நாலு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, தேயிலைச் சாயம் போன்ற நிறம் வெளுத்த பிறகே பாவியுங்கள்.

உங்கள் தொட்டிக்கு இப்படி மூன்று பாத்தி போதும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடினால் காற்றுப் படும் இடம் குறையும்; இரவில் வேர்களும் ஒட்சிசனை எடுப்பதால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். கச்சான் காற்றுக்குப் பாத்தி சுவரில் மோதாமல் எதிரெதிர் மூலைகளில் கயிறு கட்டுங்கள். கயிற்றில் ஓரடி தளர்வு விடாவிட்டால், மாரியில் நீர்மட்டம் ஏறும்போது சட்டத்தை அதுவே கீழே இழுத்துவிடும்.

பாத்தியில் இலைகள் மஞ்சளாகின்றன, வேரையும் காணவில்லை. கொஞ்சம் யூரியா போடலாமா?
வாசகி, அக்கரைப்பற்று

யூரியா போடவே வேண்டாம். அது தண்ணீரில் அமோனியாவாக மாறி மீன்களைக் கொல்லும். வேரைத் தின்றது மீன்கள்தான். கோயும் தங்கமீனும் இளவேரை விடா. முதல் வலைக்கு 4 அங்குலம் கீழே இன்னொரு வலை கட்டுங்கள்.

மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலை என்றால் நைதரசன் போதவில்லை. செடி அதிகம், மீன் குறைவு. இரண்டு பாத்தியை ஒன்றாக்குங்கள். நரம்பு பச்சையாக இருக்க, குருத்திலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. புதிய சீமெந்துத் தொட்டியில் இது அடிக்கடி நடக்கும். சுவர் சுண்ணாம்பைக் கக்கித் தண்ணீரைக் காரமாக்குவதால் வேரால் இரும்பை எடுக்க முடியாது. அதே காரம் அமோனியாவின் நஞ்சையும் கூட்டும். தொட்டி புதிதென்றால் மீன்களை வேறிடத்துக்கு மாற்றி, இரண்டு வாரத்துக்குள் மூன்று நாலு தரம் நிரப்பி இறைத்துவிடுங்கள். இலை நுனி மட்டும் கருகினால் கிணற்று உவரைச் சந்தேகியுங்கள். கடலோரத்தில் வெயில் காலத்தில் அது கூடும்.

இவ்வளவு வேலை எதற்கு? வாவியில் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) தானாக மிதக்கிறதே, அதைக் கொண்டுவந்து விட்டால் என்ன?
வாசகர், வாழைச்சேனை

தயவுசெய்து வேண்டாம். ஆற்றுவாழையை ஒழிக்க இந்த நாட்டில் 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் போட வேண்டி வந்தது. மாரி மழையில் உங்கள் தொட்டி வழிந்தால், அது வாய்க்காலால் வயலுக்கும் குளத்துக்கும் போய்ச் சேரும். நீரில் மிதந்து பரவும் சல்வீனியாவுக்கும் இதே பதில்தான்.

கங்குன், வசம்பு, கல்வாழை போதும். கங்குனை மூன்று வாரத்துக்கொரு தரம், இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். மீன் கழிவிலிருந்து செடி எடுத்த சத்து வெட்டும்போதுதான் தொட்டியை விட்டு வெளியேறும். வெட்டாமல் விட்டால் இலை அழுகி அத்தனையும் தண்ணீருக்கே திரும்பும். கறிக்கு எடுப்பதென்றால் நன்றாகக் கழுவி, வேகவைத்தே உண்ணுங்கள். பச்சையாகச் சம்பல் போட வேண்டாம்.